சில்வர் பெயின்ட் அடித்த செம்புப் பட்டை

மைக்கில் உதடு பட்டதுதான் தாமதம், ஆரோன் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு பின்னால் குதித்தான். கழுத்தில் மாட்டியிருந்த கிடார் ஆடியது. மணி ஐந்தரை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சேலையூர் தேவாலயத்தில் ஆறு மணிக்குக் கேரல் ஆராதனை.

பாடகர் குழுத் தலைவி எப்சி ஓடி வந்தாள். பதினோரு வருஷம் கடைசி வரிசையில் நின்று பாடியவளிடம் இந்த வருஷம்தான் குழுவைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாத ஒத்திகை. எட்டு சபைகளிலிருந்து ஜனம் வந்து உட்கார்ந்தாயிற்று.

செயலர் தேவானந்தம் ஐயா பதறிக்கொண்டு வந்தார். "ஷாக் அடிக்குதுன்னா எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாம்மா. பேண்ட் வேணாம். சும்மா நாலு பாட்டு பாடிட்டு முடிச்சுக்கலாம்."

"அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா!"

வாசலில் மைக் செட்டோடு உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் சத்தம் போட்டார். "இன்னாக்கா, நான் காத்தால இருந்து மைக்கப் புட்ச்சிகினு கீறேன், எனுக்கு ஒண்ணியும் ஆவலியே!"

எப்சி அவர் காலைப் பார்த்தாள். விரற்கடை தடிமனுக்கு ரப்பர் செருப்பு. உள்ளே இருப்பவர்களோ செருப்பை வெளியே விட்டுவிட்டு, சற்றுமுன் கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

"செருப்பைக் கழட்டிட்டுப் புடிங்கண்ணா, பாப்போம்."

பொன்னுரங்கம் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தில்தான் கோளாறு. எப்சிக்குப் பொறி தட்டிவிட்டது. மறைமலைநகரில் ஒரு கேபிள் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சோதிப்பது அவள் வேலை. செம்பு என்று வாயைத் திறந்தால் மூடமாட்டாள். கிடார் கம்பியில் சுற்றியிருக்கும் வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு, ஏசி குழாய் செம்பு, சார்ஜர் வயருக்குள்ளே செம்பு, ஏன், கோபுரத்து மணியிலும் செம்பு என்று ஒத்திகை நடுவே பாடம் எடுத்துக் குழுவைக் கொட்டாவி விட வைத்தவள். அந்தப் பாடத்துக்கெல்லாம் இன்றைக்குத்தான் வேளை வந்திருந்தது. பதற்றத்தையும் மீறி அவளுக்குக் குஷி பிடித்துக்கொண்டது.

பொன்னுரங்கத்தின் இரண்டு வயர் நீட்டிய டெஸ்ட் பல்பைப் பிடுங்கிக்கொண்டு சுவிட்ச் போர்டுக்கு ஓடினாள். ஒரு வயரைக் கரண்ட் வரும் துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் வைத்தாள். பல்பு எரியவில்லை.

"எர்த் அறுந்து கெடக்கு! வாடா ஆரோன்!"

கட்டிடத்தின் பின்சுவரில் எர்த் குழிக்குள் இறங்கும் செம்புப் பட்டையைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்காகப் பச்சைப் பாசி பூத்த மாதிரி கிடந்த பட்டை, பளபளவென்று சில்வர் பெயின்டில் மின்னியது. போல்ட்டைக் கழட்டி, முன்னும் பின்னும் அடித்து, திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். பட்டைக்கும் குழியில் புதைத்த எர்த் குழாய்க்கும் நடுவில் இப்போது பெயின்ட்தான் இருக்கிறது.

"எந்தப் புத்திசாலி பண்ண வேலை இது? அந்தப் பச்சை செம்பு மேல தானா வர்றது, உள்ள இருக்கறதைக் காப்பாத்தும். பெயின்ட் வழியா கரண்ட் எப்படிப் போகும்? மூளையே கெடையாதா?"

ஆரோன் போனை எடுத்து, குரூப்பில் போன வாரம் வந்த வாய்ஸ் நோட்டைத் தட்டினான். எப்சியின் குரல் கணீரென்று வந்தது: "ஆரோன், பின்னாடி இருக்கற கம்பி, பட்டை எல்லாத்தையும் கழட்டி சில்வர் அடிச்சு மாட்டிடுங்கப்பா. கிறிஸ்மஸ்! ஒண்ணு விடக் கூடாது!"

பின்பக்க ஜன்னலின் கம்பியையும் இரும்புப் பட்டையையும் மனத்தில் வைத்துச் சொன்னது. எப்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பேச நேரமில்லை. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினாள். பெயின்ட் போயிற்று, பச்சை போயிற்று, அடியில் செக்கச்செவேலென்று செம்பு எட்டிப் பார்த்தது. "எவ்ளோ அழகு பாருடா!" என்று அந்த அவசரத்திலும் கத்தினாள். ஆரோன் குழாய் முனையைத் தேய்த்துவிட்டுப் போல்ட்டை முடுக்கினான். குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். மெயினைப் போட்டு மறுபடி பல்பை வைத்தபோது கண் கூசும்படி எரிந்தது.

பல்பு எரிந்தென்ன, மைக்கைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. மணி ஐந்து ஐம்பத்தைந்து.

"விஷப் பரீட்சை வேணாம்மா," என்றார் தேவானந்தம் ஐயா.

எப்சி ஈரத் தரையில் வெறுங்காலை அழுத்தி ஊன்றி நின்றாள். ஒரு கையால் கிடார் கம்பியைப் பற்றி, மைக்கில் உதட்டை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' வரும் என்று எட்டு சபையும் காத்திருந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எர்த் பட்டைக்கு பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்தான். தெரியாம ஆரோனைத் திட்டிட்டேன். சாரிப்பா. இப்ப வந்து வாசி."

கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். சபை சிரித்த சிரிப்பில் தேவானந்தம் ஐயாவும் சேர்ந்துகொண்டார். ஆறு அடிப்பதற்குள் முதல் பாட்டு தொடங்கிவிட்டது.