காசு வாங்காத கூட்டம்

வரதராஜன்பேட்டை டெய்சி டீச்சர் கூட்டம் போட்ட கதையைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற பாதிப் பேர் அன்றைக்கு அங்கே வந்திருந்தவர்கள். மைக்செட் என்னுடையது.

டெய்சி அரியலூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்த வேலையில் கௌரவம் மட்டும் மாசாமாசம் தவறாமல் வரும். கட்சிக் கூட்டங்களுக்குக் காசு கொடுத்து ஆள் கூட்டுவதைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி பண்ணி, தலைக்கு வைத்துப் படுக்கிற கனத்தில் எழுதிக் கொடுத்திருந்தது அந்தப் பொண்ணு. அதைப் படித்து மார்க் போட வேண்டியவர் பேராசிரியர் பாலாஜி. தேர்தல் செலவு விஷயத்தில் நாடறிந்த புலி. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்: "காசு வாங்காமல் வருகிற கூட்டம் எப்படி இருக்கும்? அதையும் பார்த்து ஒப்பிட வேண்டாமா?"

சித்திரைக்குள் பதில் இல்லையென்றால் டாக்டர் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் வருகிற வருஷம் அந்தக் கௌரவமும் இல்லை.

டெய்சி நேரே குன்னத்துக்கு, மருதாயி வீட்டுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்சிக்கும் ஆள் கூட்டி விடுகிறவள் மருதாயிதான். காலையில் ஆளுங்கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. துண்டை மட்டும் மாற்றிக்கொள்வார்கள், வெற்றிலையைத் துப்ப நேரம் இருக்காது.

"அக்கா, காசு வாங்காம வர்ற ஆளுங்க ஒரு நூறு பேரு வேணும்."

வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த மருதாயி நிமிர்ந்தாள். "காசு வாங்காத ஆளா? கெடைக்கறது கஷ்டம் டீச்சர். ரேட்டு ரெண்டு மடங்கு ஆவும்."

"காசு குடுத்தா அவங்க எப்படிக்கா காசு வாங்காத ஆளு?"

"வாங்கலன்னு சொல்லணுமில்ல? அதுக்குத்தான் கூட."

வேறு வழியில்லாமல் டெய்சி தானே கூட்டம் போடுவதென்று முடிவு பண்ணியது. பேச்சாளரும் அதுவேதான், பேச்சும் அதன் ஆராய்ச்சியைப் பற்றித்தான். நான் ஆட்டோவில் ஊர் ஊராகப் போய், அது சொல்லச் சொன்னதை அப்படியே மைக்கில் சொன்னேன். "குன்னத்தில் ஞாயிறு மாலை மாபெரும் பொதுக்கூட்டம்! காசு கிடையாது! பிரியாணி கிடையாது! குவார்ட்டர் கிடையாது! நாற்காலியும் சந்தேகம்!"

இல்லை என்று இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்கள் என்றால் உள்ளே என்னமோ பெரிசாக இருக்கிறது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். திருமானூரிலிருந்து கரும்பு டிராக்டரில் வந்தார்கள். கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு பஸ், பாதி வழியில் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குன்னத்துக்குத் திரும்பிவிட்டது. மக்காச்சோளம் அறுத்த காடு முழுக்கத் தலைதான். இறங்க இடமில்லாமல் ஒரு காக்கா என் ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்து கூட்டம் முடிகிற வரைக்கும் கேட்டது.

பாலாஜி சாரும் நேரில் பார்த்துவிடுவதென்று வாடகைக் காரில் வந்து இறங்கினார். கூட்டத்துக்குள் புகுந்து வீரமுத்து என்கிற விவசாயியைப் பிடித்தார்.

"காசு வாங்கினீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"யாரும் தரமாட்டாங்க."

"தெரியுங்க. அதான் வந்தோம்."

டெய்சி இருட்டப் போகிற நேரம் வரைக்கும் பேசியது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எழுந்து போன நேரம் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டால்?

பாலாஜி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையேறி வந்து, "இப்படி ஒரு ஆதாரம் உலகத்துல எவன்கிட்டயும் இல்லம்மா. உனக்குப் பட்டம் உறுதி" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கார் வாடகையும், வழக்கமா மாணவருங்க குடுக்கற கவரும் எடுத்து வெச்சிருக்கியாம்மா?" என்றும் கேட்டுவிட்டார்.

என் மைக் பழசுதான். ஆனால் தாழ்ந்த குரலை நன்றாக எடுக்கும்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மருதாயிதான் முதலில் எழுந்தாள்.

"ஏன் சார், வந்தவங்க எல்லாம் ஒண்ணுதான? ஒங்களுக்கு மட்டும் என்னா கவரு?"

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஓட்டுக்குக் காசு கொடுக்கவில்லை என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மேலத்தெருவுக்குக் கொடுத்துவிட்டுக் கீழத்தெருவை விட்டால்தான் பஸ்ஸை மறிப்பார்கள். "அவருக்குக் குடுத்தா எங்களுக்கும் குடு!" என்று காருக்கு முன்னால் ஜனம் உட்கார்ந்துவிட்டது.

கூட்டத்துக்குக் கொடுத்தால் ஆராய்ச்சி போச்சு. சாருக்குக் கொடுக்காவிட்டால் பட்டம் போச்சு. டெய்சி கைப்பை ஜிப்பைப் பாதி திறந்த மேனிக்கே நின்றது. பிறகு என்ன தோன்றியதோ, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு மைக்கை எடுத்து அவரிடம் நீட்டியது.

"காசு வாங்காத கூட்டம் எப்படி இருக்கும்னு கேட்டது நீங்கதான் சார். நீங்களே சொல்லுங்க."

நான் எத்தனையோ வேட்பாளர்களுக்கு மைக் கட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவரைப் பார்த்ததில்லை.

"எனக்கு எதுவும்... வேண்டாம்."

"சத்தமா!"

"வேண்டாம்!"

அந்தக் கைதட்டல் அரியலூர் வரைக்கும் கேட்டதாம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள் என்று அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப என் வாடகை?" என்றார் கார் டிரைவர். மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் திரும்பியது.

"ஐயோ, நான் கூட்டத்துக்கு வரலைங்க! தூங்கிக்கிட்டிருந்தேன்!"

அது உண்மைதான் என்று நான் மைக்கில் சாட்சி சொன்னேன். பாலாஜி சார் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கே பணம் இருந்தது அவருக்கே ஆச்சரியம்போல இருந்தது.

டெய்சி இப்போது டாக்டர் டெய்சி. காசு வாங்காத ஜனம் கடைசி வரைக்கும் அமைதியாக உட்காரும், பக்கத்தில் இருப்பவனும் வாங்காத வரைக்கும், என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறதாம். பாலாஜி சார் மிக நன்று என்று போட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கச் சொன்னார். டெய்சி சுருக்கவில்லை.

தொழில் கெட்டது மருதாயிக்குத்தான். இப்போதெல்லாம் வேனில் ஏறச் சொன்னால், "மேடையில பேசறவரு எவ்வளவு வாங்குறாரு? அதச் சொல்லு, ஏறுறோம்" என்கிறார்களாம். போன மாசம் குன்னத்துக்குப் பேச வந்த ஒருத்தர், முன்வரிசையில் ஒருத்தன் இதையே கேட்டதும், தொண்டை கட்டிக்கொண்டது என்று கை ஜாடை காட்டிவிட்டு அப்படியே பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டார்.