பூமி ஓடியதால் வந்த காந்தம்

பிரபஞ்சத்தின் காந்தப் பிரச்சினை இந்த வாரம் அவனியாபுரத்து ஆள் ஒருவனால் தீரப்போகிறது என்று ஜெய்சன் அறிவித்தான். சொல்லும்போது சிரிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் கல்லூரிக்கு வந்துபோகும் எம்.எஸ்சி. மாணவன், உருப்படியான தொலைநோக்கி ஒன்றைத் தொட்டதுகூட இல்லை என்பதெல்லாம் அவனுக்குச் சில்லறை விவரங்கள்.

அவனுடைய நட்சத்திரம் ஒரு வெள்ளைக் குள்ளன். எரிந்து முடித்து, பூமி அளவுக்குச் சுருங்கி, சும்மா ஆறிக்கொண்டிருக்கும் வகை. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வரைந்தால் கால்சியத்துக்கென்று ஒரு பள்ளம் விழும். காந்தப்புலம் இருந்தால் அந்தப் பள்ளம் மூன்றாகப் பிளக்கும். ஆறிய நட்சத்திரம் மங்கல், ஒரு ராத்திரிப் பதிவில் எதுவும் தெளியாது. அதனால் இணையத்தில் கிடைத்த மூன்று ராத்திரிப் பதிவுகளை ஜெய்சன் ஒன்றாகக் கூட்டினான். மூன்று பள்ளங்கள்!

வெள்ளிக்கிழமை கருத்தரங்குக்கு பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். மாணவர்கள் பேசுவதைக் கேட்டு, கோடைகால ஆராய்ச்சிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். ஜெய்சன் மனத்தளவில் பெட்டி கட்டியாயிற்று.

ஆய்வகத்தில் பக்கத்துக் கணினியில் வகுப்புத் தோழி பிருந்தா. எந்த நட்சத்திரமானாலும் ஒவ்வொரு ராத்திரியையும் தனித்தனியாகத் திறந்து பார்த்த பிறகுதான் கூட்டுவாள்.

“பந்தியில உக்காந்து பருக்கை பருக்கையா எண்ணித் திங்கிற ஆளு நீ,” என்றான் ஜெய்சன். “நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள இலையை எடுத்துருவாங்க தாயே.”

“எடுக்கட்டும். பூமி ஓடுதுல்ல, அதுக்குத் திருத்தம் போட்டியா?”

“பதிவுலயே போட்டுத்தான் குடுத்திருப்பாய்ங்க.”

“பாத்தியா?”

“நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அவள் நாற்காலியை நகர்த்தி அவன் திரையைப் பார்த்தாள். “காந்தத்தால பிளந்தா ரெண்டு பக்கமும் ஒரே தூரத்துல இருக்கணும்டா. உன் நடுப்பள்ளம் ஏன் இடது பக்கம் இம்புட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு?”

“நட்சத்திரம் என்ன ஸ்கேல் வச்சா கோடு போடும்?”

பிருந்தா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். பதில் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லி ஜெயித்திருப்பான்.

முன்வரிசையில் உட்கார்ந்து பேராசிரியர் இதே கேள்வியைக் கேட்பது போல ஒரு காட்சி மனதில் ஓடியது. ஸ்கேல் பதில் அங்கே எடுபடவில்லை.

வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, முதல் ராத்திரியை மட்டும் திறந்தான். ஒரு பள்ளம். இரண்டாவதில் ஒரு பள்ளம், ஆனால் சற்றுத் தள்ளி. மூன்றாவதிலும் ஒன்று, இன்னும் தள்ளி. மூன்றும் வெவ்வேறு மாதத்துப் பதிவுகள். பூமி ஒரு மாதம் அந்த நட்சத்திரத்தை நோக்கி ஓடியிருக்கிறது, இன்னொரு மாதம் விலகி ஓடியிருக்கிறது; அதற்கேற்பப் பள்ளமும் இடம் நகர்ந்திருக்கிறது. அந்த ஓட்டத்தை யாரும் திருத்தியிருக்கவில்லை. திருத்திக் கூட்டினான். மூன்று பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று போய், ஒரே பள்ளமாக அமைதியாக உட்கார்ந்தது. நட்சத்திரம் தன்பாட்டுக்குத்தான் இருந்திருக்கிறது.

ஆய்வக உதவியாளர் கிளமெண்ட் எட்டிப் பார்த்தார். “என்ன மாப்ள, சாப்பிடலையா? காந்தம் எங்கயும் ஓடிறாது.”

“இந்தா வாரேன்ண்ணே.”

அவர் போகும்வரை காத்திருந்தான். பட்டியலில் அடுத்த வெள்ளைக் குள்ளனை எடுத்தான். பிருந்தாவின் நாற்காலிப் பக்கம் தெரியாதபடி திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, முதல் ராத்திரியைத் தனியாகத் திறந்தான்.