நீட்டிய கை

துர்ஸாஃப் தன் கல்யாணப் படங்கள் அத்தனையும் பார்த்து முடித்துவிட்டு, படமெடுத்த நவ்ஃபல் வேண்டாமென்று ஒதுக்கியிருந்த படத்தைத்தான் தொட்டுக் காட்டினாள்.

"இதைத்தான் அண்ணே பெருசாப் போடணும்."

அவனுக்குச் சுருக்கென்றது. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படமெடுத்தவன். அந்தப் படத்தில் ஃபோகஸ் போய் உட்கார்ந்திருந்தது கார் கதவின் கைப்பிடியில். இறங்கும் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்ற பெரியவரின் முகம் பாதி வெட்டுப்பட்டு, மீதி கலங்கிக் கிடந்தது. அவர் நீட்டிய கை வெறும் வெள்ளைத் தீற்றல்.

"இதை மாட்டினா பாக்கறவன் என்னைத்தாம்மா சிரிப்பான். கடற்கரையில எடுத்தது இருக்கே, இமை முடியைக்கூட எண்ணலாம்."

"எண்ணி என்ன பண்ண? அதுல எங்கப்பா இல்லையே."

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்கிறாள் என்று பேச்சை விட்டவர் அவர். கல்யாணத்தன்று மண்டப வாசல்வரை வந்தார். அவள் காரிலிருந்து இறங்கியதும் திரும்பிப் போய்விட்டார்.

"அப்ப இது உனக்கு ஞாபகம். அதுக்காக நல்ல படம்னு ஆயிடுமா?"

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். "ரெண்டு போடுங்க. ஒண்ணைப் பழைய நகரத்துல அப்பா கடையில கொடுத்துடுங்க. நான் கொடுத்தா வாங்கமாட்டார்."

அவள் போனபின்னும் அந்தக் கேள்வி அவனைக் குடைந்தது. கதை தெரிந்ததால்தான் தன் கண்ணும் அந்தக் கையிலேயே போய் நிற்கிறதா? பக்கத்துக் கடைத் தையல்காரி ஹஸீபாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது.

"குடிச்சிட்டு எடுத்தியா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுக் குனிந்தாள். "இந்த மனுசன் அவளைத் தொட வர்றாரா, போன்னு சொல்றாரா?"

தெளிவாக விழுந்திருந்தால் அது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஹஸீபா இப்படிக் குனிந்து பார்த்திருப்பாளா?

மறுநாள் அவனே படத்தைக் கொண்டுபோனான். பெரியவர் தன் பூட்டுக் கடையில் தனியாக இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மங்கலாக இருக்கிறதே என்று கேட்பார், என்ன சமாதானம் சொல்லலாம் என்று நவ்ஃபல் தயாராக நின்றான்.

"நான் கையை நீட்டினேனா?"

"நீட்டினீங்க, ஹாஜி."

"எதுக்கு?"

பெரியவர் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதன் முன்னால் எழுந்து நின்று, வலக்கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையை மேலே திருப்பினார். பிறகு கவிழ்த்தார். மறுபடியும் மெல்லத் திருப்பினார்.