ஒன்று எண்பது

வாஞ்சிநாதனுக்குக் கால் போனதே குதித்ததால்தான். பன்னிரண்டு வயதில், கல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் வண்டி நிற்பதற்குள் குதித்து, இடது காலைத் தண்டவாளத்தில் விட்டுவிட்டு வந்தான். ஒழுங்கான பிள்ளை அதோடு குதிப்பதையே விட்டிருப்பான். இவன் விடவில்லை. அப்பாவின் மளிகைக் கடைச் சாக்குகளில் தங்கையோடு சேர்ந்து வைக்கோலைத் திணித்துக் கொல்லையில் அடுக்கி, ஒற்றைக் காலில் நொண்டி வந்து தாவித் தாவியே பத்து வருஷத்தை ஓட்டினான்.

இன்று மைதானத்தில் மாநிலத் தடகளப் போட்டி. உயரம் தாண்ட வந்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேருக்கு இரண்டு கால். அடுத்த வருஷம் வெளிநாட்டில் நடக்கும் ஊனமுற்றோர் போட்டிக்கு இவனை அனுப்ப வேண்டுமென்றால், முறையான ஒரு போட்டியில் ஒரு மீட்டர் எண்பது தாண்டிய சான்று வேண்டுமாம். டெல்லியிலிருந்து கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை பட்டியலை மூடிவிடுவார்கள். இன்று சனி. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

ஒன்று எழுபதை முதல் முயற்சியிலேயே தாண்டினான். அதுவரை “ஆஹா, பாவம்!” என்று எல்லோரையும்விட உரக்கக் கைதட்டிக்கொண்டிருந்த ஒரு கிளப் மேனேஜருக்கு, தன் பையன் அதே உயரத்தில் இரண்டு முறை கம்பைத் தட்டிவிட்டதும் திடீரென்று ஞானம் பிறந்தது.

“ஸன்யால் பாபு, இது ஓடி வர்றதா? பொண் குழந்தைங்க கட்டம் போட்டு நொண்டுற எக்கா-தொக்கா மாதிரி இருக்கு! சட்டத்துல இடமிருக்கா?” என்று வங்காளத்தில் கத்தினார்.

தலைமை நடுவர் ஸன்யால் மங்கி கேப்பைக் கழற்றினார். கண்ணாடியை மாற்றினார். கோட்டுப் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.  வாஞ்சியின் பத்து வருஷமும் இந்த மனிதரின் விரல் நுனியில் நின்றது.

“தாண்டுபவர் ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும்” என்று வாசித்துவிட்டு ஸன்யால் நிமிர்ந்தார். “சட்டத்தை மீறணும்னு நெனச்சாக்கூட இவனால முடியாதே, மேனேஜர் பாபு!”

மைதானமே சிரித்தது. வாஞ்சியும் சிரித்தான்.

மேனேஜரின் பையன் தட்டுத் தடுமாறிப் பிழைத்துக்கொண்டான். ஒன்று எண்பதில் மிஞ்சியவர்கள் நாலு பேர். மேனேஜரின் பையன் உட்பட மற்ற மூவரும் தாண்டிவிட்டார்கள். வாஞ்சிக்கு முதல் முறை மார்பு இடித்தது, இரண்டாம் முறை முழங்கால். மிச்சம் ஒரே ஒரு தடவை.

ஊன்றுகோல்களை வாங்கிக்கொள்ள வந்து நின்ற தங்கை தாரா சொன்னாள்: “அண்ணா, இவங்க கத்தக் கத்த நீ எட்டி எட்டி வெக்கற. கம்புக்கு ரொம்பக் கிட்டப் போயிடற. ஒரு அடி பின்னாடி தள்ளி நில்லேன்.”

“நீ எப்ப கோச் ஆன?”

“சாக்குக்கு வைக்கோல் அடைச்சது யாரு?”

அவள் சொன்னது வாஸ்தவம். ஒரு அடி தள்ளி நின்றான். ஊன்றுகோல்களைக் கொடுத்தான். ஆறு நொண்டல். கடைசியில் தொடை முழுவதும் கொதிக்க, மண்ணை உதைத்துத் தலைகுப்புறப் பாய்ந்தான். மணல் வாயில், மூக்கில், கண்ணில். கம்பு என்னவாயிற்று என்று தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கம்பு ஆடுகிறது போலிருக்கிறது. எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். விழாதே, என் தங்கமே, விழாதே!

ஒரேயடியாக மைதானம் அலறியது. வெள்ளைக் கொடி! தாண்டியாயிற்று! ஊன்றுகோல்களைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடிவந்த தாரா, மணலோடு மணலாக அவனைக் கட்டிக்கொண்டு வங்காளத்திலும் தமிழிலும் ஏதேதோ உளறினாள். அவன் விக்கி விக்கி அழுதான். வெட்கமாகவே இல்லை.

ஸன்யால் அங்கேயே நின்று சான்றில் கையெழுத்துப் போட்டார். “வேண்டியது கெடச்சாச்சு இல்ல? போய் ஸ்வெட்டரைப் போடு, குளிருது.”

வாஞ்சி மணலைத் துப்பினான். “மத்த மூணு பேரும் வீட்டுக்குப் போகலையே, பாபு. ஏத்தச் சொல்லுங்க.”

கம்பு ஒன்று எண்பத்து மூன்றுக்கு ஏறியது. மேனேஜர் இந்த முறை கைதட்டவில்லை. ஸன்யாலிடம் போய், அந்தச் சட்டப் புத்தகத்தை இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாஞ்சிக்கு அன்று கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரிதாகப் பட்டது.