படகில் உட்கார ஓர் ஆள்

1

இந்தக் கதை என் உள்ளங்காலில் தொடங்கியது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அங்கேதான். எங்கள் நீச்சல் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே தடத்தில் வரிசையாக நீந்தும்போது, பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் உள்ளங்காலை விரலால் தட்டினால், ஓரமாக ஒதுங்கு, நான் முந்த வேண்டும் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. யாரோ மூழ்கப்போய் என் காலைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்து, காப்பாற்றுவதற்காக நட்டநடுவில் திரும்பி நின்றேன். பின்னால் வந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள்.

முதலில் மோதியவர் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் முகம்.

"தம்பி, கொஞ்சம் வழி விடுறீங்களா?"

2

அடுத்த வாக்கியத்தை இப்படி ஆரம்பித்தேன்: அவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்த—

[வேண்டாம். அவர் எதையும் கிழிக்கவில்லை. நான் நீந்தினால் குளமே கலங்கும். அவர் போன தடத்தில் ஒரு குமிழிகூட இல்லை.]

சுவரோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பொறாமைகூட வரவில்லை, அவ்வளவு பிரமிப்பு. ஓய்வு பெற்ற பல் மருத்துவர், எங்கள் எல்லோருக்கும் டாக்டரம்மா. அன்றிலிருந்து, அலாரம் அடிக்கும்போது போர்வையை இழுத்து மூடத் தோன்றினால், டாக்டரம்மா இந்நேரம் தண்ணீரில் இருப்பார் என்ற நினைப்பே என்னை எழுப்பிவிடும்.

3

கதை என்றால் ஒரு சிக்கல் வேண்டுமாம். நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு ஏரியை நீந்திக் கடக்கிறது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு படகு வரும். அதில் அவரவர் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும், இல்லையென்றால் இறங்க விடமாட்டார்கள். போன முறை வரை டாக்டரம்மாவுக்காக அவர் கணவர் உட்கார்ந்தார். இப்போது அவர் இல்லை. மிச்சமிருப்பது மகன் ஒருவர்தான்.

அந்த மகன் என்னை நீச்சல்குள வாசலில் பிடித்தார்.

"சார், உங்க கதை எல்லாத்தையும் படிக்கிறவன் நான். கெஞ்சிக் கேக்குறேன், எங்கம்மாவை உசுப்பேத்தி விடாதீங்க. அப்பா போயி ஒரு வருஷம்கூட ஆகலை. இவங்களுக்கும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

அவர் பயம் நியாயமானது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: "நானே வீட்டு ஆள்னு சொல்லி உக்காந்துடவா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பொய் சொல்லிட்டு நான் தண்ணியில எறங்க மாட்டேன். நீங்க நீந்துற வழியைப் பாருங்க" என்றார். "பயமா இல்லையா?" "இல்லாம என்ன? என்கிட்ட பல்லு புடுங்க வந்தவங்களும் பயந்துக்கிட்டேதான் வாயைத் திறந்தாங்க.")

4

முடிவு ஒன்று: நடு ஏரியில் அவர் கை ஓய்ந்து—

[அடித்துவிட்டேன். வயதானவர் யாராவது கதைக்குள் வந்தாலே சாகடித்துவிடும் கெட்ட பழக்கம் கதை எழுதுகிற எங்களுக்கு.]

முடிவு இரண்டு: மறுகரையில் கைதட்டல், மகன் கண்ணில் நீர்—

[கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. ஏரிக்கு முன்னால் முந்திக்கொள்ள நான் யார்?]

5

மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இனி ஒரே ஒருவரோடுதான் எனக்குப் பேச்சு.

டாக்டரம்மாவின் மகனே, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் இவ்வளவும் எழுதினேன். ஒன்றும் ஆகாது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால், அம்மா நீந்தி நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாமே? அழைத்துப்போக வந்தாலும் காரிலேயே உட்கார்ந்திருப்பீர்களாம். அவர் நீந்துவதை எத்தனை விதமாகவோ எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரியாக வரவில்லை. அதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

துடுப்புப் போட ஆள் இருக்கிறார். உங்களுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.