ஒரே சாக்கில் இரண்டு போல்ட்

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. ஈப்போ கோப்பிக் கடையில் தினேஸ்வரி கேட்டதால் எழுதுகிறேன்.

"அங்கிள், அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். இந்த ஆடித் திருவிழா மலர்ல தாத்தா கதைய எழுதிக் குடுங்கலா. அவரு சுடலன்னு அப்பா ஒருதடவையாவது படிச்சிரணும்."

அப்பா என்றால் தேவன் அண்ணன். தாத்தா உடையப்பன், மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் தாப்பா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் துப்பாக்கிக் காவலர். தோட்டம் செம்பனையாகிவிட்டது, கோயில் மட்டும் இருக்கிறது. இன்றும் ஆடிப் பந்தியில் தேவன் அண்ணன் உட்கார்ந்தால் வீரம்மா வீட்டார் இலையை விட்டு எழுந்துவிடுகிறார்கள்.

2

'அன்று பனி அடர்ந்து...' அடித்துவிட்டேன். பனி இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான். ஊரடங்கு முடியும் முன்பே பால்வெட்டப் போன வீரம்மா சுடப்பட்டு இறந்தாள். அந்தப் பக்கம் காவலில் இருந்தவர்கள் உடையப்பனும் ராஜுவும். இருவருமே சுடவில்லை என்றார்கள். காலித் தோட்டா ஒன்று கிடைத்தது. அதிகாரி இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டையும் கழற்றி மேசையில் வைத்தார். (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுவது போல்ட், அதைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியும் அதற்குள்தான்.) அந்தக் காலித் தோட்டாவின் ஊசித் தடம் பொருந்திய போல்ட்டில் உடையப்பனின் துப்பாக்கி எண் இருந்தது. வேலை போயிற்று, சிறைக்கும் போனார். கொலைகாரன் என்ற பெயர் மகன்வரை ஒட்டிக்கொண்டது.

3

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் ஒரே மாதிரித் துப்பாக்கியை இங்கிலாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்தார்கள். ஒரு தொழிற்சாலையின் போல்ட் இன்னொன்றின் துப்பாக்கியில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். (உட்கார்ந்தால் போதாது, இடைவெளியை அளந்த பிறகுதான் சுட வேண்டும். தோட்டத்தில் யார் அளந்தார்கள்?) மாறக்கூடாது என்றுதான் போல்ட்டிலும் எண் வெட்டினார்கள்.

முந்திய நாள் மாலை இருவரும் ஒரே சாக்கை விரித்துத் துப்பாக்கி துடைத்தார்கள். உடையப்பனின் போல்ட் ராஜுவின் துப்பாக்கியில் ஏறிவிட்டது. எண்ணைப் படித்த அதிகாரி, அதை எந்தத் துப்பாக்கியிலிருந்து கழற்றினோம் என்று பார்க்கவில்லை.

4

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

ராஜு என்று ஒருவர் இல்லை. கதையில் எந்தப் பெயரைப் போட்டாலும் உட்கார்ந்துவிடும் என்ற தைரியத்தில் போட்டேன். அவர் பெயர் சீனி. என் அப்பா. தைப்பிங் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது சொன்னார்.

"பொதரு அசைஞ்சுச்சுடா, சுட்டுட்டேன். போல்ட்டு மாறுனது மறுநாளே தெரியும். வாயத் தொறக்கல. நீயும் சொல்லிறாத."

இருபத்திரண்டு வருடமாக நானும் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆடியிலும் வீரம்மா வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: தேவன் அண்ணன் படித்துவிட்டு அழுகிறார். (மலிவு.)

முடிவு இரண்டு: என்னை மன்னிக்கிறார். (அதை எழுத எனக்கு என்ன உரிமை?)

முடிவு மூன்று: மலர் அச்சாகும் முன்பே அவர்

மாட்டேன்.

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் மலர் வந்துவிட்டது. வீரம்மாவின் பேரப்பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இன்று பந்தியில் தேவன் அண்ணன் உட்காருவார். பக்கத்து இலையில் நான் இருப்பேன். எழுந்து போக வேண்டியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.