கோபுரச் சுழி விழுந்த கேரவன்

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நாகலிங்கம் வாங்கிய கேரவன், இழுக்க ஒரு வண்டியும் இல்லாமல், கயிற்றைப் பிடித்தபடி முன்னால் போன அவன் பின்னால் பதினொரு கிலோமீட்டர் நடந்தே வந்தது. நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரையில் கிளம்பி பகல் ஒன்றே காலுக்கு வந்து சேர்ந்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்றது. ஓரிடத்தில் வேப்பமர நிழலுக்காக. இன்னோரிடத்தில் எதற்கென்று தெரியவில்லை. கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் பஸ்ஸை நினைத்துவிட வேண்டாம். அது தானே ஓடும். இது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த ஒற்றை அறை வீடு. எஞ்சின் கிடையாது. அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் வந்து சந்தேகம் கேட்கக் கூடாது.

நாகலிங்கத்துக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக இருந்தது, லீவு நாட்களையெல்லாம் கூட்டினால், பத்து மாதமும் சொச்சமும். அதையும் ஒன்றாக இருந்த கணக்கில் சேர்க்க நாகவள்ளி ஒப்ப மாட்டாள். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார் குடும்பம் என்று பதினோரு பேர் புழங்கிய வீட்டில் அவர்களுக்கு விட்ட அறையில்தான் மிளகாய் மூட்டையும் இருந்தது, வீட்டின் ஒரே சார்ஜர் பாயிண்டும் இருந்தது. கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. புருஷனோடு நாலு வார்த்தை பேச உட்கார்ந்தால் ஐந்தாவது வார்த்தைக்கு யாராவது செல்போனைச் செருக வந்துவிடுவார்கள். அதனால் நாகலிங்கம் தயங்கித் தயங்கி, இந்தத் தடவை நீ இங்கே வாயேன், அறுபது நாள் விசிட் விசா எடுக்கிறேன் என்று போனில் சொன்னபோது, அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எனக்குக் கோபுரம், கடலெல்லாம் பாக்க வேண்டாங்க. ஒரு கதவு, அதுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா. அதை நான் போடணும். இருக்குன்னா வாரேன். இல்லேன்னா விசாவும் வேண்டாம், நீங்களும் இனி லீவுன்னு வந்து மொளகா மூட்டைக்குப் பக்கத்துல படுக்க வேண்டாம்."

சொன்னால் சொன்னதுதான், அவள் வார்த்தை மாறுகிறவள் அல்ல. நாகலிங்கம் அன்றே இடம் தேடக் கிளம்பினான். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் ஒரு ரூமுக்கு ஆறு பேர். பெண்கள் கேட்டைத் தாண்ட முடியாது. வெளியே வாடகைக்குப் பார்த்த இடங்களில் ஒரு அறையைப் பிளைவுட்டால் நாலாக அறுத்து, கதவு இருக்க வேண்டிய இடத்தில் பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தார்கள். "பாய், கதவு எங்கே" என்று கேட்டதற்கு ஒரு வீட்டுக்காரன், திரைக்கு இரண்டு ஊக்கு இலவசமாகத் தருகிறேன் என்றான். இப்படி அலைந்துகொண்டிருந்த நாளில்தான், குளிர்காலத்துக்குக் கடலோரம் வந்து தங்கும் குடும்பங்களின் கேரவன் வரிசையைக் கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தான். ஒரு அம்மாள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது என்று அவன் இன்றும் சாதிக்கிறான்.

துணைக்கு வீரபாண்டியைக் கூட்டிக்கொண்டு போனான். வீரபாண்டி பக்கத்துக் கட்டில்காரர், பேக்கிங் செக்‌ஷன். கல்ஃபுக்கு வருமுன் சந்தை சந்தையாகப் போன மாட்டுத் தரகர். கேரவனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. விற்கிறவன் பொய் சொல்வான், பொருள் பொய் சொல்லாது, நாலு காலாக இருந்தாலும் ரெண்டு சக்கரமாக இருந்தாலும் பார்க்கிற விதம் ஒன்றுதான் என்றார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்காமல் வாங்குகிறவன் மடையன் என்றும் சொன்னார். அது நியாயந்தானே.

நெடுஞ்சாலையோரத்து யார்டில் பழைய கேரவன்கள் ஒன்பது நின்றன. உரிமையாளர் அஸ்கர் அலி, பாகிஸ்தானில் முல்தான் பக்கத்துக்காரர். நாகலிங்கம் பார்த்தவுடன் ஒன்றில் மயங்கிவிட்டான். வெள்ளை வெளேரென்று பெரியது. சோபா, ஃபிரிட்ஜ், கதவில் ஒன்றுக்கு இரண்டு தாழ்ப்பாள். வீரபாண்டி அதைச் சுற்றி வந்து, பின்பக்கத் தகரத்தில் துரு பிடித்து வட்டமாகச் சுருண்டிருந்த இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். "இது பெண்டிழந்தான் சுழிப்பா. இதக் கட்டுனவன் வீட்டுல பொண்டாட்டி தங்க மாட்டா" என்றார். நாகலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தது முன்னங்கால் வாங்கல், முன்பக்க முட்டு வளைந்திருந்தது. அதற்கடுத்தது கண் சரியில்லை, அதாவது ஒரு விளக்கு சிவப்பாகவும் ஒன்று மஞ்சளாகவும் எரிந்தது. ஐந்தாவதைத் தட்டிப் பார்த்தார். தட்டினவுடன் நடுங்குகிறது, இது மிரளும் என்றார். கடைசியில் மூலையில் தனியாக நின்ற பழுப்பு நிறக் கேரவனிடம் போனார். டயரின் பள்ளத்தில் நகத்தைவிட்டு ஆறு பல், நல்ல வயசு என்றார். இரண்டு பேரைவிட்டு முன்னே பின்னே தள்ளச் சொல்லி நடை பார்த்தார். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று விசாரித்து, அறுபது என்றதும், ஒரு வேளைக்கா இரண்டு வேளைக்கா என்று கேட்டார். ஜன்னலுக்கு மேலே நெற்றியில், துரு சுருண்டு சுருண்டு மேலேறி ஒரு கூர்மையில் முடிந்திருந்தது. கோபுரச் சுழி, மாட்டில் அதைவிட ராசியான சுழி கிடையாது. வீரபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டார்.

பேரம் பேசத் தோள் துண்டை எடுத்து விரித்து வலது கையை உள்ளே நீட்டினார். அஸ்கர் அலி ஒரு நிமிஷம் அந்தத் துண்டைப் பார்த்தார். அவருடைய அப்பாவும் மாட்டுச் சந்தைக்காரர்தான். அந்த ஊரிலும் துணிக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். முப்பது வருஷமாகக் காகிதத்தில் எழுதி விற்ற மனிதர் கண்கலங்கிப்போய்க் கையை நுழைத்தார். இருபது நிமிஷம் இருவரும் வானத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றார்கள். துண்டுக்கு அடியில் என்ன விலை படிந்தது என்பது இன்றுவரை மூன்றாம் ஆளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. பேரம் முடிந்த வேகத்தில் அஸ்கர் அலி கேரவனின் முதுகைத் தடவிக் கொடுத்தார், பழைய கயிற்றை அவிழ்த்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். வீரபாண்டி மஞ்சள் நைலான் கயிறு ஒன்றை அதன் மூக்கில், அதாவது காரில் மாட்டும் கொக்கியில், புதிதாகக் கட்டி நாகலிங்கம் கையில் கொடுத்தார். சந்தை முறை ஒன்றும் குறையவில்லை. இழுத்துப் போகக் கார் இல்லை என்பது அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது.

வேறு வழி தெரியாமல் நாகலிங்கம் கயிற்றைச் சுண்டி, "இந்தா, பா, பா" என்றான். அது வந்தது.

பாதி வழியில் போலீஸ் வண்டி ஒன்று நிறுத்தியது. யார் இழுக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றான் நாகலிங்கம். காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, இழுப்பவர் இருட்டில் தெரிகிற ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்றார். டியூட்டி ஜாக்கெட்டோடே போயிருந்ததால் அபராதம் இல்லை. ஓரமாகப் போகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிறுத்த இடம், ஈசா என்கிற உள்ளூர்க்காரரின் ஒட்டகப் பண்ணை. அவர் வீட்டுக்கு லீவு நாளில் நாகலிங்கம் டைல்ஸ் தரை போட்டுக் கொடுத்த பழக்கம். அது உதைக்குமா என்று மட்டும் ஈசா கேட்டார். இல்லை என்றதும், "மாஃபி முஷ்கில்", ஒன்றும் பிரச்சினையில்லை என்று ஒட்டகங்களுக்கு அந்தப் பக்கம் இடம் காட்டினார். முதல் வாரம் கொக்கியின் கீழ் ஒரு கட்டுப் பசும்புல் போட்டு வைத்தான்; காலையில் காணோம். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். வீட்டைக் கட்டிப்போட்டுத் தீனி வைக்கிற கஷ்டம் அந்தப் பழமொழி சொன்னவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாகவள்ளி டிசம்பர் ஏழாம் தேதி வந்து இறங்கினாள். வீரபாண்டியும் கூட வந்த டாக்சியில் வழி நெடுக நாகலிங்கம் கதவைப் பற்றியே பேசினான்; வெளிப்பக்கம் பூட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள், அதற்கு எண்ணெய்கூட விட்டிருக்கிறேன் என்றான். பண்ணையில் இறங்கிப் பார்த்தால் ஒட்டகங்கள் நின்றன, முளைக்குச்சி நின்றது, அறுந்த மஞ்சள் கயிற்றில் ஒரு முழம் கிடந்தது. கேரவனைக் காணோம்.

நாகலிங்கம் அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்தான். ஒன்பது வருஷமும் கண் முன்னால் வந்து நின்றது. நாகவள்ளி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வீடு எங்கங்க?"

"காலைல இங்கதான் நின்னுச்சு வள்ளி. சத்தியமா நின்னுச்சு."

அந்த நேரத்தில் அஸ்கர் அலி போன் செய்தார். உங்கள் கேரவன் இங்கே வந்து பழைய மூலையில் நிற்கிறது பாய், கிட்டே போனால் கதவைக் கதவை அடிக்கிறது என்றார். புதிதாக வாங்கிய மாடு பழைய தொழுவத்துக்கு ஓடுவது உலக வழக்கந்தான். ஆனால் வீரபாண்டி பார்த்து வாங்கியது இதுவரை ஓடியதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாகவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் மாடு கட்டிய வீட்டுப் பெண்தான்.

"கொண்டாந்த அன்னிக்கு யாரு அத வரவேத்தா? கால்ல தண்ணி ஊத்துனீங்களா?"

ஆண்கள் இருவரும் ஒட்டகங்களைப் பார்த்தார்கள்.

"சுழி பாக்கத் தெரியுது, பல்லு பாக்கத் தெரியுது. வீட்டுக்காரி கையால ஒரு வா தீனி வாங்காம எந்த உசுரு வீடு தங்கும்? ஆம்பளைங்களா சேந்து ஒரு காரியம் உருப்படியா செஞ்சிருக்கீங்களா?" என்றாள். திட்டினாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்டினாள் என்பதை நாகலிங்கம் கவனித்தான். அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

யார்டில் அவள் இரண்டு சக்கரத்துக்கும் தண்ணீர் பாட்டிலால் ஊற்றிக் கழுவினாள். சுழிக்கு மஞ்சள் வைத்துக் குங்குமம் இட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை உடைத்துக் கொக்கியின் மேல் வைத்து, "நான்தான்டீ, வா போவோம்" என்றாள். அஸ்கர் அலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக எழுந்து நின்றார். கயிறு கட்டாமலே அது அவள் பின்னால் வந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, நாகவள்ளி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். இப்படி ஏழு தடவை போட்டாள். எட்டாவது தடவை போடுமுன் நாகலிங்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த அறுபது நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. தாழ்ப்பாள் போட்ட வீட்டைப் பற்றி வெளியே நிற்கிறவன் என்ன எழுத முடியும். அவர்கள் வாய்விட்டுப் பேசினார்கள், சண்டையும் முழுக் குரலில் போட்டார்கள் என்று ஈசாவின் பண்ணையாட்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் நாகவள்ளி கடற்கரைக்கு நடந்தால் கேரவனும் கூடவே போய் அலை ஓரம் நின்றது. நாகலிங்கம் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அசைவதில்லை. அவள் சொன்னால் மட்டுந்தான் கேட்டது. பிப்ரவரியில் நாள் முடிந்தது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அவள் அழவில்லை. கேரவனின் தொட்டியிலிருந்து அறுபது லிட்டரும் சொட்டிச் சொட்டி மணலில் இறங்கியது. மறுநாள் அதைக் காணோம்.

அஸ்கர் அலியிடம் போகவில்லை. கடற்கரையிலும் இல்லை. ஜெபல் அலி துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், கப்பலேற நின்ற வண்டி வரிசையில் ஒரு பழுப்புக் கேரவன் யாரையும் முந்தாமல் தன் முறைக்குக் காத்து நின்றதாகச் சொன்னார். நாகலிங்கம் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கேம்ப் கட்டிலில் போய்ப் படுத்தான். இருபத்திரண்டாம் நாள் நாகவள்ளி போன் செய்தாள்.

"வந்துருச்சுங்க. தூத்துக்குடியில எறங்கி நடந்தே வந்திருக்கு. உடம்பெல்லாம் உப்பு, கழுவி விட்டேன். நம்ம கொல்லைல நிக்குது. உள்ள போயி தாப்பா போட்டுப் பாத்தேன், நல்லா விழுது." தாழ்ப்பாள் விழும் சத்தம் போனில் கேட்டது. "ஒரு ஆளுக்கு எதுக்குங்க தாப்பா?"

அவன் அனுப்பிய டிவி, கம்பளி, மிக்ஸி எல்லாம் இதற்கு முன்னால் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன, அவன் மட்டும் இங்கேயே இருந்தான். அன்றைக்குத்தான் அது அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது. மறுநாள் டியூட்டிக்குப் போகாமல் ஆபீசுக்குப் போய் ராஜினாமா படிவம் வாங்கினான். வேலையை விடும் காரணம் என்ற கட்டத்தில், யோசித்துப் பார்த்துவிட்டு, 'வீடு ஊருக்குப் போய்விட்டது' என்று எழுதினான்.

மேனேஜர் ஆனந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர், மனைவி ஊரில், இருபத்தாறு வருஷ சர்வீஸ். படிவத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இருந்தால்கூடத் திருப்பி விடுகிறவர். காரணத்தை இரண்டு தரம் படித்தார்.

"தானாப் போனதோ?"

"ஆமா சார். அவ பின்னாலயே போயிருச்சு."

ஆனந்தராசா தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். படிவத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எழுந்துபோய் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுக்குள்ள ரெண்டு பேர் வசதியாப் படுக்கலாமோ, தம்பி?"